எண் இல்லாத கம்பம்

தில்லியில் நான் பார்க்கும் வேலையை ஊரில் யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. "ரோட்டோரத்துல இருக்கிறதை எல்லாம் எண்ணி எழுதுதேன் சித்தி" என்று ஒருமுறை சொன்னேன். "அதுக்கா இஞ்சினியருக்குப் படிச்ச?" என்று கேட்டுவிட்டுச் சித்தி வாழைக்காய் சீவப் போய்விட்டாள்.

ஆனால் வேலை அதுதான். நகரத்தின் சாலைகளைப் பராமரிக்கும் துறைக்கு, சாலைகள் என்ன நிலையில் இருக்கின்றன என்று பார்த்து எழுதிக் கொடுக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் இருக்கிறேன். தொடக்கத்தில் எங்கள் பதிவேட்டில் சாலையும் பாலமும் மட்டுமே இருந்தன. எங்கே தார் பெயர்ந்திருக்கிறது, எந்தப் பாலத்தில் விரிசல் விட்டிருக்கிறது என்று பார்ப்போம். பிறகு மேலிடத்தில் ஒரு முடிவெடுத்தார்கள். சாலை என்றால் தார் மட்டும்தானா? ஓரத்தில் நிற்கும் விளக்குக் கம்பம், தலைக்கு மேலே போகும் வழிகாட்டிப் பலகை, சாக்கடை மூடி, தடுப்புச் சுவர், இரும்பு வேலி எல்லாமே பட்டியலில் ஏற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஒரு படம். நிலை எப்படி என்று ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு மதிப்பு; ஐந்து என்றால் புதியது போல, ஒன்று என்றால் விழப் போவது. எது விழப் போகிறது என்று முன்னாலேயே தெரிந்தால், விழுவதற்கு முன் மாற்றிவிடலாம்.

கேட்டபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. பயம் ஒரு மாதம் கழித்து வந்தது.

அதுவரை நான் கம்பங்களைப் பார்த்ததே இல்லை. எல்லோரையும் போல அவற்றைக் கடந்து போயிருக்கிறேன், அவ்வளவுதான். இப்போது ஒவ்வொன்றின் அடியிலும் குந்தி உட்கார்ந்து மண்ணை விலக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. மேலே பளபளவென்று வெள்ளி வண்ணம் அடித்திருப்பார்கள். அடியில், மண்ணைத் தொடும் இடத்தில், துரு இரும்பைத் தின்று தகடாக்கி வைத்திருக்கும். சுத்தியலால் லேசாகத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். சிலவற்றில் 'பொத்' என்று கேட்கும். வழிகாட்டிப் பலகைகள் இன்னும் மோசம். ஆறு வழிச் சாலையின் குறுக்கே நிற்கும் ஓர் இரும்புச் சட்டத்தின் காலில் எட்டு போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்தைப் பார்த்தேன். அந்த ஐந்திலும் ஒன்றைக் கையால் திருகவே முடிந்தது. அதன் கீழே பேருந்துகள் போய்க்கொண்டிருந்தன. அன்று மாலை நான் வீட்டுக்குப் போன பேருந்தும் அதன் கீழேதான் போனது. கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த பெண் எனக்கு மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

என்னோடு வேலை பார்த்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து ஓர் அரசு அலுவலகத்தில் பியூனாக இருந்தவர். அண்ணன் பிறந்தது தில்லியில்தான். மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டு, எலக்ட்ரீஷியனாகப் பல வருடம் ஓடிவிட்டு இங்கே வந்து சேர்ந்தார். கம்பங்களில் மின்கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. சட்டைப்பையில் பேனா போல டெஸ்டர் குத்தியிருப்பார். பேச்சு பாதி வேலூர், பாதி இந்தி.

"இன்னாமா, கம்பத்தப் பாத்தே பயப்படறியே, மழ வரட்டும் தேக்கோ, அப்ப தெரியும்" என்பார்.

தில்லியில் மழைக்காலம் வந்தால் பேப்பரில் அந்தச் செய்தி வராத வருடம் கிடையாது. தண்ணீர் தேங்கிய தெருவில் யாரோ ஒருவர் விழாமல் இருக்கக் கம்பத்தைப் பிடித்திருப்பார். அதோடு முடிந்துவிட்டிருக்கும். முன்பெல்லாம் அதைப் படித்துவிட்டு 'அடப் பாவமே' என்று பக்கத்தைத் திருப்பிவிடுவேன். இந்த வேலைக்கு வந்த பிறகு அது எந்தச் சாலை, நாங்கள் பார்த்த சாலையா என்றுதான் முதலில் தேடுவேன்.

முனிர்கா அருகே ஒரு நீண்ட சாலை எங்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஒரு திங்கட்கிழமை அங்கே ஒரு பேருந்து நிறுத்தத்தின் ஓரமாக ஓர் இரும்புக் கம்பத்தைப் பார்த்தேன். ஒன்றரை ஆள் உயரம். உச்சியில் விளக்கு கிடையாது, பலகை கிடையாது. மற்றக் கம்பங்களில் எல்லாம் கறுப்பு வண்ணத்தில் எண் எழுதியிருக்கும். இதில் எதுவும் இல்லை. கையிலிருந்த டேப்லெட்டில் பதிவைத் திறந்தேன். பொருள் எந்த வகை என்று கேட்டது. விளக்குக் கம்பம், பலகைக் கம்பம், சிக்னல் கம்பம். எதுவுமே பொருந்தவில்லை. உரிமையாளர் எந்தத் துறை என்று கேட்டது. தெரியாது என்று சொல்ல அதில் இடமே இல்லை. அந்தக் கட்டத்தை நிரப்பாமல் பதிவு சேமிக்கப்படாது.

"இது இன்னாதுமா?" என்றார் அண்ணன்.

"நம்ம லிஸ்ட்ல எதுலயும் வரல அண்ணே. விடுங்க, நேரமாகுது" என்றேன்.

அவரும் விட்டுவிட்டார். விளக்குக் கம்பமாக இல்லாததால் டெஸ்டரை வெளியே எடுக்கவில்லை. வெயில் அதிகமாக இருந்தது. இந்த இரண்டு வரியைச் சொல்லாமல் மீதியைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்பதால் சொல்கிறேன்.

வியாழக்கிழமை மதியம் மறுபடியும் அங்கே போனோம். அந்தச் சாலையின் சில சாக்கடை மூடிகளின் படம் தெளிவாக இல்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். காலையில் ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. நிறுத்தத்தின் முன்னால் சாலை சற்றுப் பள்ளம் என்பதால் தண்ணீர் நடைபாதை வரை தேங்கி நின்றது. மேற்கே வானம் மறுபடியும் கறுத்துக்கொண்டிருந்தது.

நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணனுக்கு அப்போது செய்ய ஒன்றுமில்லை. சும்மா இருக்கும் கை எதையாவது நோண்டும் அல்லவா, அப்படித்தான் போய் அந்தக் கம்பத்தில் டெஸ்டரை வைத்திருக்கிறார்.

"ஹட் ஜா! பின்னாடி போமா!"

அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. திரும்பிப் பார்த்தேன். டெஸ்டருக்குள் செம்மஞ்சளாக ஒரு பொட்டு வெளிச்சம். அவர் மெதுவாகக் கையை எடுத்தார். முகம் வெளிறியிருந்தது.

"உசுரோட இருக்குதுமா இது."

திங்கட்கிழமை அந்தக் கம்பத்தின் அடியில்தான் என் பையை வைத்திருந்தேன். அதிலிருந்து மூன்றடியில் நின்று தண்ணீர் குடித்திருந்தேன்.

உதவி எண்ணுக்கு அழைத்தேன். விளக்குக் கம்பங்களைக் கவனிக்கும் அலுவலகத்தில் ஒரு பெண் எடுத்தாள். கம்பத்தின் எண் என்ன என்று கேட்டாள். எண் இல்லை என்றேன். எண் இல்லாமல் புகார் பதிவாகாது என்றாள். மின்சாரம் கொடுப்பவர்களை அழைத்தேன். விளக்கில்லாத கம்பம் எங்களுடையது அல்ல, சாலைத் துறையிடம் கேளுங்கள் என்றார்கள். சாலைத் துறைக்காகத்தான் நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். அவர்களுடைய பட்டியலில் அது இல்லை என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? போலீஸ் எண்ணில் மட்டும், ஆள் அனுப்புகிறோம், வழியெல்லாம் தண்ணீர், நேரமாகும் என்று மரியாதையாகச் சொன்னார்கள்.

"போன்ல ஆவாதுமா" என்றார் அண்ணன். "பின்னாடி மார்க்கெட்டுகிட்ட மின்சார ஆபீஸ் ஒண்ணு இருக்குது. நான் போயி எவனையாவது கையோட இட்டுகினு வரேன். நீ இங்க நில்லு. ஒருத்தனையும் கிட்ட வுடாத. தண்ணியில கால் வெக்காத. அப்படியே வெக்கிற மாதிரி ஆனா ரெண்டு காலும் ஒட்டி வெச்சிக்கோ, அகட்டி நடக்காத. சமஜ் கயீ? புரிஞ்சிதா?"

தலையாட்டினேன். அவர் ஓடினார். அவருக்கு மூட்டுவலி. அந்த ஓட்டத்தைப் பார்த்ததும்தான் எனக்கு உண்மையான பயம் பிடித்தது.

பத்து நிமிடத்தில் மழை கொட்ட ஆரம்பித்தது. தண்ணீர் என் கண் முன்னால் ஏறியது. நடைபாதையில் சற்று உயரமான ஒரு சிமென்ட் திட்டில் நின்றுகொண்டேன். கம்பத்துக்கும் எனக்கும் ஏழெட்டு அடி இருக்கும். அந்தத் தூரம் போதுமா போதாதா என்று படித்ததை எல்லாம் நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து ஜன்னல் பக்கம் நிற்கும் என் மகளின் முகம்தான் வந்தது. அவளுக்கு அப்போது எட்டு வயது.

ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். "பையா, உதர் மத் ஜானா! கரெண்ட் ஹை!" என்று, அந்தப் பக்கம் போகவேண்டாம் எனக் கத்தினேன். என் இந்தி எப்போதுமே நொண்டி. மழையில் அதுவும் கேட்கவில்லை. ஒருவன் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சாலையைக் கடந்தான். இன்னொருவன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றக்கூட இல்லை. பேருந்துக்கு ஓடிய ஒரு பெரியவரின் சட்டையைப் பிடித்தே இழுத்துவிட்டேன். அவர் என்னைத் திட்டிய திட்டில் பாதி புரிந்தது, அது போதும்.

அப்போது அந்த நாய் வந்தது. பழுப்பு நிறத் தெருநாய். நனைந்து, உடம்பைக் குறுக்கிக்கொண்டு, ஒதுங்க இடம் தேடித் தண்ணீருக்குள் நடந்து வந்தது. "ச்சூ, ச்சூ!" என்று விரட்டினேன். கையில் இருந்த பேனாவை எறிந்தேன். அது என்னைப் பார்த்து வாலைக்கூட ஆட்டியது. கம்பத்துக்கு இரண்டடி முன்னால் அதன் முன்னங்கால்கள் மடங்கின. ஒரு சத்தம் போட்டது. குரைப்பும் இல்லை, ஊளையும் இல்லை, ஒரு குழந்தையின் குரல் போல. பிறகு பக்கவாட்டில் சாய்ந்தது. கால்கள் விறைத்து நடுங்கின. நின்றன.

என்னை அறியாமல் பின்னால் நகர்ந்ததில் திட்டிலிருந்து விழப் பார்த்தேன். விழாமல் இருக்க எதையாவது பிடிக்கத் தேடியது கை. பிடிக்க அங்கே இருந்ததும் ஓர் இரும்புக் கம்பிதான், நிறுத்தத்து வேலியின் கம்பி. கையை உதறி இழுத்துக்கொண்டு மார்போடு கட்டிக்கொண்டேன்.

அடுத்த பேருந்து வந்து, சரியாகப் பள்ளத்தின் முன்னால் நின்றது. முன்கதவு திறந்தது. ஒரு பெண்மணி, நாற்பத்தைந்து வயது இருக்கும், சல்வாரை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு கீழ்ப்படிக்கு வந்தார். தண்ணீரைப் பார்த்துத் தயங்கினார். இறங்கும்போது சாயாமல் இருக்க ஏதாவது வேண்டும் என்று சுற்றிப் பார்த்தார். கம்பம் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. கையை நீட்டினார்.

எனக்கு இந்தி முழுவதும் மறந்துபோனது. ஒரு சொல்கூட இல்லை. "ஐயோ தொடாதீய! தொடாதீய! செத்துப் போவிய!" என்று தமிழில், எங்கள் ஊர்த் தமிழில், தொண்டை கிழியக் கத்தினேன்.

நீட்டிய கை அப்படியே நின்றது. அந்தப் பெண்மணி என்னைப் பார்த்தார்.

"என்ன? என்னாச்சு?" என்றார், தமிழில்.

"கரெண்டு! கம்பத்துல கரெண்டு! கீழ எறங்காதீய! அங்க பாருங்க, நாய்!"

அவர் நாயைப் பார்த்தார். ஒரு காலைத் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே தூக்கி வைத்திருந்தவர் அதைப் படிக்கு இழுத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் இறங்கத் தள்ளிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துத் திரும்பினார். பிறகு அவர் போட்ட சத்தம் இருக்கிறதே! "ருகோ! கோயி நஹீ உத்ரேகா! பீச்சே!" யாரும் இறங்கக் கூடாது, பின்னால் போங்கள் என்ற அந்த அதட்டலில் கூட்டம் அப்படியே பின்வாங்கியது. டிரைவரிடம் இரண்டே வாக்கியம் பேசினார். பேருந்து மெல்ல நகர்ந்து, பள்ளத்தைத் தாண்டி, மேடான இடத்தில் போய் நின்றது. எல்லோரும் அங்கே இறங்கினார்கள். அவர் சுற்றிக்கொண்டு நடைபாதை வழியாக என்னிடம் வந்தார்.

"பூசா ரோடு தமிழ் ஸ்கூல்ல டீச்சர்" என்றார், தன் குரலுக்கு விளக்கம் சொல்வது போல. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "இங்கதான் ரெண்டு தெரு தள்ளி வீடு. டெய்லி இந்தக் கம்பத்தப் பிடிச்சுத்தான் இறங்கறேன், தெரியுமா? டெய்லி. நேத்துகூட."

திங்கட்கிழமை அதைப் பார்த்துவிட்டு விட்டுப் போனவள் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

"தனியாவா நிக்கறீங்க? நீங்க இந்தப் பக்கம் பாருங்க. நான் அந்தப் பக்கம் போறேன்" என்றார்.

"வேண்டாம் மேடம், நீங்க வீட்டுக்குப் போங்க. ஆள் வந்துட்டிருக்காங்க."

"அச்சா? எப்போ வருவாங்க?"

"தெரியல."

அவர் குடையை விரித்துக்கொண்டு போய் மறுபக்கம் நின்றார். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருவரும் நின்றோம். அவர் கத்தினால் ஆட்கள் நின்றார்கள். நான் நாயைக் காட்டினேன். மொழி தேவைப்படவில்லை. மழை விடவே இல்லை. தண்ணீர் என் திட்டின் விளிம்புக்கு நான்கு விரல் கீழே வந்ததும், இன்னும் ஏறினால் இறங்கி ஓடுவதா நிற்பதா என்று யோசித்தேன். ஓடிவிட வேண்டும் என்றுதான் முடிவு செய்தேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குக் குழந்தை இருக்கிறது, ஓடிவிடலாம் என்று நினைத்தேன். தண்ணீர் ஏறவில்லை, அவ்வளவுதான்.

அண்ணன் ஒரு லைன்மேனோடு ஸ்கூட்டரில் வந்தார். ரப்பர் கையுறை, ரப்பர் பூட்ஸ். லைன்மேன் தெருமுனைப் பெட்டியைத் திறந்து எதையோ இறக்கினான். கடைகளில் விளக்கு அணைந்தது. லைன்மேன் கொண்டுவந்திருந்த நீளக் குச்சி டெஸ்டரை அண்ணன் வாங்கிக் கம்பத்தில் வைத்தார். வெளிச்சம் வரவில்லை. மறுபடியும் வைத்தார். மூன்றாவது முறையும் வைத்தார். அப்புறம்தான் மூச்சு விட்டார்.

பிறகு தோண்டிப் பார்த்ததில் விவரம் தெரிந்தது. அங்கே முன்பு வேறொரு பேருந்து நிழற்குடை இருந்திருக்கிறது. அதன் விளம்பரப் பலகைக்கு வெளிச்சம் கொடுக்க, பூமிக்கு அடியில் ஒரு கம்பி இழுத்திருக்கிறார்கள். நிழற்குடையைக் கழற்றியவர்கள் ஒரு காலை வெட்டாமல் விட்டுவிட்டார்கள். கம்பியையும் துண்டிக்கவில்லை; அதன் உறை நைந்த இடத்தில் மழைத் தண்ணீர் இறங்கியதும் மின்சாரம் காலில் ஏறியிருக்கிறது. அந்தக் காலைத்தான் எல்லோரும் கம்பம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அது எந்தத் துறைக்கும் சொந்தமில்லாமல், எந்த ஏட்டிலும் இல்லாமல், மின்சாரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறது.

வீட்டுக்குப் போனதும் உடம்பு உதறியது. இரண்டு போர்வை போர்த்தியும் நிற்கவில்லை.

"என்ன பிள்ள, இப்படி நடுங்குத? காய்ச்சலா?" என்று என் கணவர் நெற்றியில் கை வைத்தார்.

"பயமா இருக்கு."

"அதான் ஒண்ணும் ஆகலல்லா?"

"நான் திங்கக்கிழமையே அதப் பாத்தேன். விட்டுட்டுப் போயிட்டேன்."

அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் துறை அதிகாரி ஒருவர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். முதலில் பாராட்டினார். பிறகு, "அந்தச் சாலையைத் திங்களன்றே முடித்துவிட்டதாக அறிக்கை இருக்கிறதே, அன்றைக்கு இது கண்ணில் படவில்லையா?" என்று இந்தியில் கேட்டார். அண்ணன் என்னைப் பார்க்காமல், "பார்க்கவில்லை சாப்" என்று முந்திக்கொண்டார். என்னைக் காப்பாற்றத்தான். வேலை போனால் என்ன ஆகும் என்று ஒரு கணம் நினைத்தேன். அடுத்த கணம் அந்த டீச்சரின் கை நினைவுக்கு வந்தது, நீட்டிய விரல்களோடு.

"பார்த்தேன் சார்" என்றேன். "பதிவில் அதற்கு இடமில்லை. அதனால் விட்டுவிட்டேன்."

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இப்படி விட்டது வேறு என்னென்ன?" என்று மட்டும் கேட்டார். பயமே அந்தக் கேள்விதான். எத்தனை சாலைகளில் எத்தனை பொருட்களைக் கட்டத்துக்குள் அடங்கவில்லை என்று தாண்டிப் போயிருக்கிறேன்?

பதிவில் இரண்டு புதிய இடங்கள் வந்தன. 'வகை தெரியவில்லை', 'உரிமையாளர் தெரியவில்லை'. முடித்துவிட்டோம் என்று நினைத்த சாலைகளில் மறுபடியும் முதலிலிருந்து நடந்தோம். வெட்டப்பட்ட கம்பத்து அடிகள், எதற்கென்று தெரியாத இரும்புப் பெட்டிகள், சுவரிலிருந்து வெளியே தலை நீட்டும் கம்பிகள் என்று வந்துகொண்டே இருந்தன. இன்னும் சிலவற்றில் அந்தச் செம்மஞ்சள் பொட்டு எரிந்தது. ஒவ்வொரு முறையும் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

நான் செய்த ஒரு தப்பையும் சொல்ல வேண்டும். மகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். கம்பத்தைத் தொடாதே, வேலியைத் தொடாதே, தண்ணீரில் கால் வைக்காதே. நல்லதுக்குத்தான் சொன்னேன். என் குரல் எப்படி இருந்ததென்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வாரத்தில் அவள் நடைபாதையில் நடக்க மாட்டேன் என்று அழ ஆரம்பித்தாள். மழை பெய்தால் பள்ளிக்குப் போகமாட்டாள். "மம்மி, கீழ கரெண்ட் ஹை க்யா?" என்று வீட்டு வாசலிலேயே கேட்பாள். அவளுக்குத் தமிழைவிட இந்திதான் முதலில் வரும். பயத்திலும் அப்படித்தான்.

ஒரு சனிக்கிழமை அவளை என்னோடு கூட்டிக்கொண்டு போனேன். வெயில் நாள். எங்கள் குடியிருப்பின் சாலையில் இருக்கும் கம்பங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஒவ்வொன்றின் அடியிலும் இருவரும் குந்தி உட்கார்ந்தோம். அண்ணனிடம் வாங்கி வந்திருந்த டெஸ்டரை வைத்து, வெளிச்சம் வரவில்லை என்று காட்டினேன். துருவைக் காட்டினேன். சுத்தியலை அவள் கையில் கொடுத்துத் தட்டச் சொன்னேன். எது கணீரென்கிறது, எது 'பொத்' என்கிறது என்று அவளே சொன்னாள். எதற்கு என்ன மதிப்பு என்று அவளிடம் சொல்லிக்கொண்டே நான் எழுதிக்கொண்டேன். கடைசிக் கம்பத்துக்கு வந்தபோது என் கையை விட்டுவிட்டு முன்னால் நடந்து போனாள். எனக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"இதுக்கு மூணு போடு மம்மி" என்றாள்.

மூன்று என்று போட்டேன்.